அறுவடை மாதத்து ஒருசந்தி

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும், உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய நோன்புக் காலமாகிய தவக்காலம் தொடங்குகிற நாட்களில் வயலுக்குள் வெட்டு மெசின் ஓடிக்கொண்டிருக்கும். பெரும்போக நெல் வீடு வந்து சேரும் மாசி, பங்குனியில்தான் தவக்காலத்தின் முதல் நாளான விபூதிப் புதனும் வருகிறது. ஐரோப்பாவில் இது குளிர்காலத்தின் கடைசி; போன ஆண்டுத் தானியம் தீர்ந்துகொண்டு வரும் நேரம். அங்கே பழைய காலத்துக் குடியானவனுக்கு இல்லாமையே பாதி நோன்பாக இருந்திருக்கும். இங்கே றோட்டோரம் படங்கு விரித்து நெல் காய்கிறது. வயல் உள்ள வீடுகளில் ஆண்டிலேயே அதிகமாக அரிசி இருக்கும் வாரங்கள் இவை. கையில் இருக்கும்போது உண்ணாமல் இருக்கச் சொல்லித் திருச்சபை எங்களைக் கேட்கிறது.

இதை மனதில் வைத்துப் பார்த்தால் எங்கள் ஊர்த் தபசுக்கு ஒரு தனிப் பொருள் கிடைக்கிறது. ஒருசந்தியில், அதாவது நாளுக்கு ஒரு முழுச் சாப்பாட்டோடு நிற்கும் நோன்பில், மிச்சப்பட்டது வீட்டை விட்டு வெளியே போக வேண்டும். அது பானைக்குள்ளேயே கிடந்தால் தபசு பாதியில் நிற்கிறது. கீழே எழுதியிருப்பது எல்லாம் இந்த ஒரு விடயத்தைச் சுற்றித்தான்.

சட்டம் கேட்பது மிகக் கொஞ்சம். 1983 ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பில் 1249 முதல் 1253 வரையான ஐந்து பிரிவுகளுக்குள் அது அடங்கிவிடும். ஒருசந்தியும், இறைச்சியை விலக்கும் சுத்தபோசனமும் சேர்ந்து கடமையாக இருக்கும் நாட்கள் ஆண்டில் இரண்டே இரண்டு: விபூதிப் புதன், பெரிய வெள்ளி. தவக்காலத்தின் மற்ற வெள்ளிக்கிழமைகளில் சுத்தபோசனம் மட்டும். ஒருசந்தி 18 வயதிலிருந்து 59 வயது நிறையும் வரைக்கும். சுத்தபோசனம் 14 வயது நிறைந்தவர்களுக்கு. அதற்கு மேல் எல்லை இல்லை, எண்பது வயதுப் பாட்டிக்கும் உண்டு. வெள்ளிக்கிழமையில் ஒரு பெருவிழா வந்தால் அன்றைக்குச் சுத்தபோசனம் இல்லை. 2027 மார்ச் 19, புனித சூசையப்பர் பெருவிழா, வெள்ளிக்கிழமையில் வருகிறது. அன்று இறைச்சி உண்பவரைப் பார்த்து யாரும் முகம் சுளிக்கத் தேவையில்லை.

விபூதிப் புதனிலிருந்து பெரிய சனி வரை எண்ணினால் 46 நாள் வரும். இடையில் வரும் ஆறு ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்தால் நாற்பது. ஞாயிறு ஆண்டவர் உயிர்த்த நாள், அது எந்தக் காலத்திலும் நோன்பு நாள் ஆகாது. சிலர் ஞாயிற்றுக்கிழமையும் விடாமல் ஒருசந்தி இருந்து அதை மேலான பக்தி என்று எண்ணுகிறார்கள். ஆர்வம் நல்லது, ஆனால் திருச்சபையின் பழைய வழக்கம் அது இல்லை.

ஒருசந்தி என்றால் நாளுக்கு ஒரு முழுச் சாப்பாடு. காலையிலும் மாலையிலும் கொஞ்சம் ஏதாவது எடுக்கலாம் என்று 1966 இல் பாப்பரசர் ஆறாம் பவுல் ஒழுங்குபடுத்தினார். அந்தக் கொஞ்சம் இரண்டையும் சேர்த்தாலும் ஒரு முழுச் சாப்பாட்டுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்பது வழக்கத்தில் உள்ள அளவுகோல். எங்கள் சமையலில் இது எப்படி அமையும்? காலையில் ஒரு பிளேன்ரீயும் ஒரு சின்ன றொட்டியும், அல்லது ஒரு கோப்பை இலைக்கஞ்சி. மத்தியானம் சோறு, பருப்பு, முருங்கையிலைச் சுண்டல், வேண்டுமானால் ஒரு மீன் துண்டு. இரவில் இரண்டு இடியப்பம், கொஞ்சம் சொதி. முழுச் சாப்பாட்டை இரவுக்கு மாற்றினாலும் தவறில்லை. வயலில் நிற்பவர்களுக்கு மத்தியானம்தான் பொருந்தும்.

தண்ணீருக்குத் தடை இல்லை. இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. நோன்பு என்றால் தண்ணீரும் குடிக்கக் கூடாது என்ற எண்ணம் எங்கள் மக்களிடம் ஆழமாக இருக்கிறது. பங்குனி வெயிலில் நீர் குடிக்காமல் பகல் முழுக்கச் சிலுவைப்பாதையில் நடந்தால் தலை சுற்றி விழத்தான் வேண்டும். தண்ணீர், தேநீர், இளநீர், மோர் எதுவும் ஒருசந்தியை முறிக்காது.

சுத்தபோசனத்தில் விலக்கப்படுவது இறைச்சி. கோழியும் இறைச்சிதான், மாடும் ஆடும் பன்றியும் மட்டும்தான் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். முட்டை, பால், தயிர், நெய், மீன், மாசி, கருவாடு எல்லாவற்றுக்கும் அனுமதி உண்டு. ஒரு சின்னக் குறிப்பு: வெள்ளிக்கிழமை இரவு கடையில் மரக்கறிக் கொத்து வாங்குபவர்கள் அதற்குள் ஊற்றும் குழம்பு என்ன என்று கேட்டு வாங்குங்கள். பல இடங்களில் அது கோழிக் குழம்பு.

இந்தக் கடமைகள் யாருக்கு இல்லை என்பதையும் அதே தெளிவோடு சொல்ல வேண்டும். நோயாளிகள், கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார், உடம்பை முறிக்கும் கூலி வேலை செய்பவர்கள், அடுத்த வேளைச் சாப்பாடு நிச்சயமில்லாதவர்கள் ஒருசந்திக்குக் கட்டுப்பட்டவர்கள் அல்ல. நாள் முழுக்க நெல் மூட்டை தூக்குகிற மனிதரிடம் ஒருசந்தி இருந்தீரா என்று கேட்பது நியாயமில்லை. சீனி வருத்தத்துக்கு இன்சுலின் போடுபவர்களும், சில வகைக் குளிசை எடுப்பவர்களும் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால் இரத்தத்தில் சீனி சட்டென்று இறங்கும். கை நடுங்கும், குளிர் வியர்வை வரும், பேச்சுக் குழறும். அந்த நேரத்தில் உடனே சீனி கலந்த தண்ணீர் கொடுக்க வேண்டும். மயங்கிய பிறகு வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோக வேண்டும். கிளினிக்கில் கேட்காமல் இவர்கள் ஒருசந்தி இருக்கக் கூடாது. வேறு தபசு எடுத்தால் போதும், ஆண்டவருக்கு அது குறைவாகப் படாது.

விபூதிக்கு வருவோம். போன ஆண்டுக் குருத்து ஞாயிறன்று மந்திரித்துக் கொடுத்த குருத்தோலையைச் சுட்டுத்தான் இந்தச் சாம்பல் எடுப்பது. வீட்டில் பாடுபட்ட சுரூபத்துக்கு (சிலுவையில் தொங்கும் இயேசுவின் உருவத்துக்கு) பின்னால் செருகி வைத்த ஓலையை விபூதிப் புதனுக்கு முந்திய ஞாயிறன்று கோயிலுக்குக் கொண்டுவர வேண்டும். சுடுவதற்கு முன் ஒவ்வொன்றையும் பிரித்துப் பாருங்கள். சிலுவை முடைந்தபோது கட்டிய நைலோன் நூலும் பிளாஸ்டிக் றிபனும் உள்ளே இருக்கும். அவை உருகினால் சாம்பல் ஒட்டும் பசையாகிவிடும், தோலுக்கும் கூடாது. ஓலையை ஒரு நாள் வெயிலில் போட்டு, ஒரு பழைய இரும்புச் சட்டியில் கொஞ்சம் கொஞ்சமாகச் சுட வேண்டும். மண்ணெண்ணெய் ஊற்றக் கூடாது, அந்த மணம் போகாது. கறுப்பாகக் கரிந்ததும் மூடி அணைத்துவிடுவது நல்லது. தொடர்ந்து எரியவிட்டால் வெள்ளைச் சாம்பலாகும். அது நெற்றியில் நிற்காது, அதில் காரமும் அதிகம். ஆறிய பிறகு இடித்து மெல்லிய துணியில் அரிக்க வேண்டும்.

தவறு நடப்பது பெரும்பாலும் கடைசிக் கட்டத்தில். குழைவாக இருக்கட்டும் என்று தண்ணீரை ஊற்றி முதல் நாளே கலந்து வைத்துவிடுவார்கள். சாம்பலும் தண்ணீரும் சேர்ந்து நின்றால் காரநீர் உண்டாகும். பழைய காலத்தில் சவர்க்காரம் செய்ய எடுத்தது அந்த நீரைத்தான். சின்னப் பிள்ளைகளின் நெற்றி சிவந்து எரிவதற்கு இதுவே காரணம். உலர்ந்த சாம்பலாகவே வைத்திருந்து, குருவானவர் மந்திரிக்கும்போது தெளிக்கும் தீர்த்தத்தோடு விட்டுவிடுவது போதும். ஒட்ட வேண்டும் என்றால் சில துளி ஒலிவ எண்ணெய் விடலாம்.

விபூதி பூசுவது அருட்சாதனம் அல்ல. அதனால் ஞானஸ்நானம் பெறாதவர்களும், குழந்தைகளும், கோயிலுக்குத் துணையாக வந்த சைவ உறவினர்களும் விரும்பினால் பெற்றுக்கொள்ளலாம். அன்றைக்குப் பூசை காண்பது கடன் திருநாளின் கடமையும் அல்ல. ஆனாலும் ஞாயிறு தவறுபவர்கள்கூட விபூதிப் புதனுக்கு வருகிறார்கள். “நீ மண்ணாய் இருக்கிறாய்” என்ற சொல்லை நேருக்கு நேர் கேட்பதற்கு மனிதர்கள் வந்து வரிசையில் நிற்கிறார்கள் என்பதே எனக்குப் பெரிய விசுவாச அறிக்கையாகத் தெரிகிறது. விபூதி பூசும்போது குருவானவர் சொல்லும் மற்ற வாய்பாடு, “மனம் மாறி நற்செய்தியை நம்புங்கள்” என்பது. தவக்காலம் முழுவதும் இந்த இரண்டு சொற்களுக்கும் நடுவில்தான் நடக்கிறது.

இனி வாவிக் கரையில் வாழும் எங்களுக்கே உரிய ஒரு சிக்கல். இறைச்சியை விடுவது, இறைச்சியே அன்றாடச் சாப்பாடாக உள்ள நாட்டில் ஒரு இழப்பு. மீன் கறியும் சோறுமாக வாழும் மட்டக்களப்பாருக்கு வெள்ளிக்கிழமை இறைச்சி இல்லை என்பதில் என்ன இழப்பு இருக்கிறது? கிழமையில் ஒரு நாள் கோழி வாங்குபவர் அதை வெள்ளியிலிருந்து ஞாயிறுக்கு மாற்றுகிறார், அவ்வளவுதான். இன்னும் மோசம், அந்த வெள்ளிக்கு நண்டும் பெரிய இறாலும் கணவாயும் வாங்கிச் சமைப்பது. சட்டத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் அந்த வெள்ளிச் சாப்பாட்டுக்கு மற்ற நாட்களைவிடக் கூடச் செலவாகியிருந்தால் அன்று தபசு நடக்கவில்லை. என்னுடைய அளவுகோல் இது: வெள்ளிக்கிழமைச் சமையல் வியாழக்கிழமைச் சமையலைவிட மலிவாக இருக்க வேண்டும், சமைப்பவருக்கு வேலையும் குறைவாக இருக்க வேண்டும். மரவள்ளிக்கிழங்கும் சம்பலும் போதும். கஞ்சியும் ஒரு சுட்ட கருவாடும் போதும்.

சமைப்பவரைப் பற்றிச் சொன்னது சும்மா இல்லை. பல வீடுகளில் அப்பா ஒருசந்தி இருப்பார், அவருக்கு வேறாக ஒரு கறி; பிள்ளைகள் இருக்க மாட்டார்கள், அவர்களுக்கு வேறாக; மாமியாருக்குப் பத்தியம். அம்மா விடிய நான்கு மணிக்கு எழும்பி மூன்று வகை சமைத்து, கடைசியில் பசியோடு நிற்பார். அவருடைய பசியை யாரும் ஒருசந்தியில் சேர்ப்பதில்லை. வெள்ளிக்கிழமைக்கு வீடு முழுவதற்கும் ஒரே சமையல், பாத்திரம் கழுவுவது ஆண்கள் என்று வைத்துப் பாருங்கள். தபசு அந்த வீட்டுக்குள் எங்கே நிற்கிறது என்று முதல் வெள்ளியிலேயே தெரியும்.

பசி கோபத்தைக் கொண்டுவரும், இது உடம்பின் இயல்பு. பின்னேரம் மூன்று நான்கு மணிக்குத்தான் சொல் தடிக்கும். அந்த நேரத்தை முன்கூட்டியே செபத்துக்கென்று ஒதுக்குவது பழைய அனுபவசாலிகளின் வழி. மூன்று மணிக்கு ஒரு ஐம்பத்து மூன்று மணிச் செபமாலை, ஆறுதலாகச் சொன்னால் இருபது நிமிடம் எடுக்கும். செபமில்லாத ஒருசந்தி வெறும் பட்டினி. மத்தேயு நற்செய்தியின் ஆறாம் அதிகாரத்தில், விபூதிப் புதன் வாசகத்தில், ஆண்டவர் தர்மம், செபம், நோன்பு என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்கிறார். ஐந்தாம் நூற்றாண்டு ஆயர் புனித பேதுரு கிறிசோலோகு, இந்த மூன்றும் ஒன்றுக்கொன்று உயிர் கொடுப்பவை, ஒன்றை மட்டும் வைத்திருப்பவனிடம் எதுவுமே இல்லை என்று போதித்தார்.

மூன்றில் எங்களிடம் மெலிந்து போயிருப்பது தர்மம். பூசையில் தட்டு வரும்போது போடும் நூறு ரூபாயைத் தவக்காலத் தர்மமாக எண்ணிவிடுகிறோம். நோன்பில் மிச்சப்பட்டதற்குக் கணக்குப் பார்க்கும் வழக்கம் எவ்வளவு பழையது என்றால், இரண்டாம் நூற்றாண்டு உரோமையில் எழுதப்பட்ட ஹெர்மாசின் மேய்ப்பர் என்ற நூலிலேயே அது இருக்கிறது: நோன்பு நாளில் அப்பமும் தண்ணீரும் மட்டும் எடு, அன்று உண்ண இருந்த உணவின் விலையைக் கணக்கிடு, அதை விதவைக்கோ அநாதைக்கோ இல்லாதவருக்கோ கொடு. பதினெட்டு நூற்றாண்டு கழிந்தும் இதைவிடத் தெளிவான கட்டளை எனக்குத் தெரியவில்லை.

இதை எங்கள் அளவைகளில் போட்டுப் பார்க்கலாம். ஒருசந்தி நாளில் ஆளுக்கு அரைச் சுண்டு அரிசி குறையும் என்று வையுங்கள். ஐந்து பேர் உள்ள வீட்டில் ஒரு நாளைக்கு இரண்டரைச் சுண்டு. கடமை இல்லாத வெள்ளிகளிலும் விரும்பி ஒருசந்தி இருந்தால், பெரிய வெள்ளியோடு சேர்த்து வெள்ளிக்கிழமைகள் ஏழு, அத்தோடு விபூதிப் புதன், ஆக எட்டு நாள். இருபது சுண்டு, அதாவது ஐந்து கொத்து அரிசி. ஒரு சிறு குடும்பத்துக்குப் பல நாள் உலைக்கு அது போதும். இருபது வீடு சேர்ந்தால் நூறு கொத்து. அரிசியைச் சமைத்த பிறகு மிச்சம் பிடிக்க முடியாது. காலையில் அளக்கும்போதே அந்த இரண்டரைச் சுண்டை வேறு பேணியில் கொட்டிவிட வேண்டும். எங்கள் அம்மம்மாமார் பிடியரிசி என்று உலைக்கு அள்ளும்போதே ஒரு பிடி எடுத்து வைத்ததும் இதே முறைதான். கறி, தேங்காய், எண்ணெய்ச் செலவில் குறைந்ததைக் காசாக ஒரு உண்டியலில் போடலாம். பேணிக்குள் ஒரு கொத்து வேப்பிலையோ இரண்டு காய்ந்த மிளகாயோ போட்டு இறுக மூடி வையுங்கள், நாற்பது நாளில் வண்டு பிடித்துவிடும். வண்டு பிடித்த அரிசியைத் தர்மம் என்று கொடுக்கக் கூடாது.

எசாயா 58 ஆம் அதிகாரம் விபூதிப் புதனை அடுத்த வெள்ளியிலும் சனியிலும் வாசிக்கப்படுகிறது. அறுவடை மாதத்தில் அதைக் கேட்கும் ஒவ்வொரு வயல்காரரும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார வேண்டும். நோன்பு நாளில் உங்கள் ஆதாயத்தையே தேடுகிறீர்கள், உங்கள் வேலையாட்களை ஒடுக்குகிறீர்கள் என்று இறைவாக்கினர் நேரடியாகச் சொல்கிறார். நெல் விலை விழுந்துவிட்டது, வித்த பிறகு தருகிறேன் என்று கூலியை மாதக் கணக்கில் இழுப்பவர் ஒருசந்தி இருந்து என்ன பயன்? கூலிக்காரரின் கணக்கை விபூதிப் புதனுக்கு முன்னரே தீர்ப்பது தபசின் முதல் வேலை. அடுத்தது வட்டி. எங்கள் பகுதியில் நுண்கடனும் நாள் வட்டியும் எத்தனை பெண்களை வீட்டை விட்டு ஒளிந்து திரிய வைத்திருக்கின்றன என்பது எல்லோருக்கும் தெரியும். வட்டிக்குக் கொடுக்கிறவர்களில் ஞாயிறு தவறாமல் நன்மை (நற்கருணை) வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். நுகத்தின் பிணைகளை அறுப்பதே நான் விரும்பும் நோன்பு என்று அந்த அதிகாரம் சொல்கிறது. கொடுத்த முதலை வாங்கிக்கொண்டு வட்டியை விட்டுவிடுவது ஒருவருக்கு இந்த ஆண்டுத் தபசு முழுவதற்கும் போதுமானது. அவர் இறைச்சி சாப்பிட்டாரா இல்லையா என்று அதற்குப் பிறகு நான் கேட்க மாட்டேன்.

குடியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. தபசுக்கு நாற்பது நாள் சாராயத்தை விடும் வழக்கம் எங்கள் ஆண்களிடம் பரவலாக உண்டு. பல வீடுகளில் ஆண்டிலேயே நிம்மதியாக நித்திரை கொள்ளும் நாற்பது இரவுகள் அவை. மதிக்க வேண்டிய முயற்சி. இதில் இரண்டு ஆபத்து இருக்கிறது. நாள்தோறும் அதிகமாகக் குடிக்கிறவர் சட்டென்று நிறுத்தினால் முதல் நாளிலேயே நடுக்கம், வியர்வை, நித்திரையின்மை வரும்; இரண்டொரு நாளில் வலிப்பு வரலாம், இல்லாத உருவங்கள் தெரியலாம். அது உயிராபத்து. அப்படிப்பட்டவர் விபூதிப் புதனுக்கு ஒரு கிழமைக்கு முன்னர் ஆஸ்பத்திரியில் கதைத்து மருந்தோடு நிறுத்த வேண்டும். மற்ற ஆபத்து பெரிய சனி இரவு. நாற்பது நாள் பிடித்து வைத்ததை ஒரே இரவில் தீர்ப்பவர், திருவிழிப்பில் ஞானஸ்நான வாக்குறுதிகளைப் புதுப்பித்த வாயோடு அதைச் செய்கிறார். விட்ட குடியின் காசை நாள்தோறும் மனைவியின் கையில் கொடுத்துவிட்டால் ஐம்பதாம் நாளும் நிற்பதற்கு ஒரு காரணம் கிடைக்கும். மாதக் கடைசியில் கொடுப்பேன் என்பது நடக்காது.

சிலுவைப்பாதை பற்றிச் சுருக்கமாக: பதினான்கு நிலை, நிலைக்கு இரண்டு மூன்று நிமிடம், முக்கால் மணிக்குள் முடியும். வீட்டிலும் செய்யலாம், ஒரு பாடுபட்ட சுரூபம் போதும். “எங்கள் பேரில் தயவாயிரும் சுவாமி” என்று சொல்லும் இடத்தில் அவசரப்படாதீர்கள். வெளியில் நடத்தும் சிலுவைப்பாதையை நான்கு மணி வெயிலில் தொடங்காமல் ஐந்தரைக்குத் தொடங்குவது முதியவர்களுக்கு உதவி.

பாவசங்கீர்த்தனத்துக்கு ஐந்து காரியம் வேண்டும் என்று பழைய ஞானோபதேசம் படித்தவர்கள் இன்றும் விரல் மடித்துச் சொல்வார்கள்: ஆத்தும சோதனை, மனஸ்தாபம், இனிச் செய்யேன் என்ற பிரதிக்கினை, குருவிடம் அறிக்கையிடுதல், விதித்த அபராதத்தைத் தீர்த்தல். கனமான பாவங்களை வகையோடும் எண்ணிக்கையோடும் சொல்ல வேண்டும். கதை வேண்டாம், மற்றவர்களின் பாவம் வேண்டவே வேண்டாம். ஆண்டுக்கு ஒரு தடவையாவது கனமான பாவங்களை அறிக்கையிடுவது கடமை. எல்லோரும் அதைப் பெரிய கிழமைக்குத் தள்ளுகிறார்கள். 2012 இல் திருகோணமலையிலிருந்து பிரிந்து தனி மறைமாவட்டமான மட்டக்களப்பு, மட்டக்களப்பு, அம்பாறை ஆகிய இரண்டு மாவட்டங்களையும் சேர்த்தது. ஒரு குருவானவர் பல கிளைக் கோயில்களுக்கு ஓட வேண்டியிருக்கும். பெரிய வியாழன் பின்னேரம் நாற்பது பேர் வரிசையில் நின்றால் ஒருவருக்கு எத்தனை நிமிடம் கிடைக்கும்? மூன்றாம் கிழமைக்குள் போய்விடுங்கள். அதற்குப் பிறகு உள்ள நாட்கள், சொன்னதைச் சரி செய்வதற்கு.

சரி செய்வது என்றால் எங்களிடம் பெரும்பாலும் காணிதான். வீடு பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போகும் ஊர் இது. அக்காவுக்கு எழுதிய வளவு எவ்வளவு, தங்கைக்கு எவ்வளவு, வேலி எங்கே என்பதில் தொடங்கி, ஒரே வளவுக்குள் அடுத்தடுத்த வீட்டில் பத்து ஆண்டு பேசாமல் இருப்பவர்கள் உண்டு. இருவரும் ஒரே பூசையில் சமாதானம் பகிர்வார்கள், வேறு வேறு பக்கம் திரும்பி. காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் போய் உன் சகோதரனோடு ஒப்புரவாகு என்பது ஆண்டவரின் வார்த்தை. நேரில் போக மனம் வராவிட்டால் நடுவில் ஒரு பெரியம்மாவை அனுப்பலாம், பிள்ளைகள் கையில் ஒரு சட்டி கறி கொடுத்துவிடலாம். வேலியைப் பற்றிய பேச்சைப் பிறகு பார்க்கலாம்; முதலில் “சாப்பிட்டியா அக்கா?” என்று கேட்டால் போதும்.

அயலவர்களும் நோன்பு இருக்கும் மண் இது. 2026 இல் சிவராத்திரி பெப்ரவரி 15, விபூதிப் புதன் பெப்ரவரி 18, றமழான் நோன்பும் அதே கிழமையில். கல்முனையிலும் காத்தான்குடியிலும் அக்கரைப்பற்றிலும் பகல் முழுவதும் தண்ணீரும் தொடாமல் இருப்பவர்களைப் பார்த்து எங்கள் ஒருசந்தி எளிது என்று வெட்கப்பட வேண்டியதில்லை, ஒப்பிட்டு வாதாடவும் வேண்டியதில்லை. அவர்கள் முன்னால் நின்று சாப்பிடாமல் இருப்பது எங்கள் தபசில் சேரட்டும். 2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறு காலையில் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்துப் பிள்ளைகள் மாண்டதை இந்த ஊர் மறக்காது, மறக்கவும் கூடாது. அதற்காக ஒரு முழுச் சமூகத்தையும் குற்றவாளியாக்கும் பேச்சை நாவிலிருந்து விலக்குவது, இறைச்சியை விலக்குவதைவிடப் பல மடங்கு கடினமான சுத்தபோசனம். அதைக் கேட்கத் தவக்காலத்துக்கு உரிமை உண்டு.

தவக்காலம் முதலில் உருவானது ஞானஸ்நானம் பெற ஆயத்தமாகிறவர்களுக்காக என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். 1963 இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாடு பற்றிய கொள்கைத் திரட்டில் ஞானஸ்நானம், தபசு இரண்டையும் தவக்காலத்தின் இரு முகங்கள் என்றது. சமாரியப் பெண், பிறவிக் குருடர், இலாசர் என்று மூன்றாம், நான்காம், ஐந்தாம் ஞாயிறுகளில் வரும் வாசகங்கள் அவர்களுக்காக அமைந்தவை. எங்கள் பங்குகளில் கலியாணத்தோடு கோயிலுக்கு வந்த மருமக்கள் பலர் இந்த வாரங்களில் ஆயத்தமாகிறார்கள். அவர்களை மந்திரம் மனப்பாடமாகத் தெரியுமா என்று சோதிப்பதை விட்டு, அவர்களோடு சேர்ந்து ஒரு நாள் ஒருசந்தி இருங்கள். எங்கள் தபசு கடவுளுக்குச் செலுத்தும் கட்டணம் இல்லை. கடனைக் கிறிஸ்து தீர்த்துவிட்டார். ஞானஸ்நானத்தில் வாங்கிய வாழ்வுக்குத் திரும்பி நடக்கிறோம், அவர்கள் முதல் தடவையாக அதை நோக்கி நடக்கிறார்கள்.

சில ஆண்டுகளில் தமிழ்ப் புத்தாண்டு பெரிய கிழமைக்குள் விழும். 2017 இல் ஏப்ரல் 14 பெரிய வெள்ளியாக இருந்தது, 2028 இலும் அப்படியே. கைவிசேடத்தையும் பலகாரத்தையும் உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். சைவ உறவினர் பலகாரத் தட்டோடு வந்தால் முகம் கோணாமல் வாங்கி மூடி வையுங்கள்.

கடைசியாக, பேணி அரிசி. அதை எப்போது, எங்கே கொடுப்பது என்பதற்குத் திருவழிபாட்டிலேயே ஒரு இடம் இருக்கிறது. திருவழிபாட்டுக் கணக்கில் பெரிய வியாழன் மாலைப் பூசை தொடங்கும்போது தவக்காலம் முடிகிறது. அந்தப் பூசையின் காணிக்கைப் பவனியில், தவக்காலத் தபசின் பலனாகச் சேர்த்த ஏழைகளுக்கான காணிக்கைகளைக் கொண்டுவரலாம் என்று 1988 இல் திருவழிபாட்டுப் பேராயத்தின் சுற்றுமடல் சொல்கிறது. பாதம் கழுவும் சடங்கு முடிந்த கையோடு வரும் பவனி அது. பெரிய வெள்ளிக் காணிக்கை புனித பூமிக்குப் போவது, இதனோடு கலக்க வேண்டாம். அரிசியை வகை பிரித்துக் கொண்டுவாருங்கள். சம்பாவையும் நாட்டரிசியையும் ஒரே சாக்கில் கொட்டினால் உலையில் ஒன்று வேகும், ஒன்று வேகாது. சாக்குகளுக்கு ஒரு ஆளைப் பொறுப்பாக வையுங்கள். யாருக்குப் போகிறது என்ற பட்டியலை வின்சென்ட் டி போல் சபையாரோ பங்குச் சபையோ முந்திய ஞாயிறே முடித்திருக்க வேண்டும், அதில் கத்தோலிக்கர் அல்லாத அயல் வீடுகளும் இருக்க வேண்டும். வியாழன் இரவு வந்த அரிசி சனிக்கிழமை மத்தியானத்துக்குள் பிரிந்து வீடுகளுக்குப் போய்ச் சேரட்டும். உண்டியல் காசில் ஒவ்வொரு பொதிக்கும் ஒரு தேங்காயும் கொஞ்சம் பருப்பும் வைத்துவிட்டால் ஞாயிறு காலை அந்த வீட்டுக்காரர் கடைக்கு ஓட வேண்டியிருக்காது.